வெள்ளாட்டின் மூளைத்தண்டை மூன்று பரிசோதனைகளுக்குப் பிரிப்பது எப்படி?

வணக்கம். தர்மபுரி மாவட்டக் கிராமம் ஒன்றில் சைலேஜ் (காற்றுப்புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) தின்னும் வெள்ளாட்டு மந்தையில், சென்ற வாரத்திலிருந்து ஆடுகள் ஒரே பக்கமாக வட்டமிட்டு, ஒரு காது தொங்கி, மென்ற தழை அந்தப் பக்கக் கன்னத்திலேயே அடைபட்டுக் கிடக்க, எச்சில் ஒழுகப் படுத்து இறக்கின்றன. மூளையைத் தாக்கும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவே காரணம் என்று கருதுகிறேன். ஆனால் அங்கு வெறிநாய் நடமாட்டம் இருந்ததாகச் சொல்வதால் வெறிநோயை ஒதுக்க இயலவில்லை.

பெனிசிலின் கொடுத்தும் படுத்தவை தேறவில்லை. உயிருடன் இருந்த ஆடு ஒன்றில் இடுப்பு முதுகெலும்புக்கும் திரிக எலும்புக்கும் (இடுப்புக்குப் பின்னால் வால் பக்கமுள்ள எலும்பு) இடையே ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுத்தேன். புரதமும் ஒற்றைக்கரு வெள்ளணுக்களும் கூடியிருந்தன. அந்த நீரின் நுண்ணுயிர் வளர்ப்பில் எதுவும் வளரவில்லை. லிஸ்டீரியா பெரும்பாலும் மூளைத்தண்டுக்குள்ளேயே தங்குவதால் இம்முடிவை வைத்து அதை விலக்க முடியாது.

இன்று இறந்த ஆட்டின் தலை பனிக்கட்டிப் பெட்டியில் இருக்கிறது. தடுப்பூசி போட்டவர்கள் மட்டுமே கையாள்கிறோம். வெறிநோய்க்கான ஒளிர் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டும் சிறுமூளையும் ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) படாமல் வேண்டும். லிஸ்டீரியா வளர்ப்புக்கும் அதே தண்டு பச்சையாக வேண்டும். திசுப் பரிசோதனைக்கோ அதை 10 சதவீத ஃபார்மலினில் இட வேண்டும்.

இவ்வளவு சிறிய மூளைத்தண்டை எந்தெந்த இடத்தில் குறுக்காக வெட்டினால் மூன்று பரிசோதனைகளுக்கும் போதுமான மாதிரி கிடைக்கும்?