நாரியிலை செருகின கத்தி ஏன் 'ஷ்ரிங்' எண்டுது?

கறள்கத்தி (இரவு 8.42)
இங்கத்தையான் குறும்படம் ஒண்டைப் பற்றி முகநூலிலை ஒரு விமர்சனம் சுத்துது, பாத்திருப்பியள். எங்கடை யாழ்ப்பாணப் பக்கத்துக் குறும்படங்கள் ஏன் கேங்ஸ்டர் படமா எடுபடேல்லை எண்டதுக்கு அந்த மேதாவி கண்டுபிடிச்ச காரணம், வாளை எடுக்கேக்கை சத்தம் இல்லையாம், அதாலை பயம் வரேல்லையாம். சேட்டுக்குள்ளாலை, நாரிப்பக்கம் செருகின கொடுவாக்கத்தியை இழுத்தால் 'ஷ்ரிங்' எண்டு கேக்க வேணுமாம். துணியிலை உரசுற இரும்பு எப்பிடிப் பாடும்? பாடுறதெண்டால் இன்னொரு இரும்பு உரச வேணும், இல்லாட்டி அடிபட்டு அந்தரத்திலை தொங்க வேணும். வியர்வையிலை ஊறின பருத்தித் துணியும் தோலும் அதிர்வைக் குடிச்சுப்போடும். லொறி வில்லுத்தகட்டிலை அடிச்ச கத்தி ஆறேழு மில்லிமீற்றர் மொத்தம். பிடியையும் பொத்திப் பிடிச்சால் 'டொக்'குக்கு மேலை ஒண்டும் வராது.

ரீல்ராசன் (8.51)
அண்ணை தொடங்கியாச்சு. படம் பாக்க வாற சனம் பௌதிகச் சோதினை எழுத வரேல்லை. ஆள் இருட்டுக்குள்ளை நிக்கிறான், கமரா முதுகுக்குப் பின்னாலை, கையிலை என்ன இருக்கெண்டு தெரியாது. அந்த ஒரு சத்தம் விழுந்தால் காணும், தியேட்டர் நிமிர்ந்து இருக்கும். அது ஒரு அறிவிப்பு. நாப்பது வருசமாத் தமிழ்ப்படம் பாத்த காது அதைத்தான் எதிர்பாக்குது.

கறள்கத்தி (8.58)
அறிவிப்பெண்டால் பேப்பரிலை குடுங்கோ தம்பி, மலிவு.

உறை இருந்தால் வேறை கதை. வாயிலை இரும்புப் பூண் போட்ட உறையாலை உருவினால் ஒரு கீறல் கேக்கும், 'கிர்ர்' எண்டு, அரைச் செக்கனுக்குள்ளை முடியும். தோலுறை, மரவுறை எண்டால் 'சர்' மட்டும்தான். உந்த விமர்சனத்திலை வாற படத்திலை பெடியன் நாரியிலை வைச்சிருந்தது பழைய பேப்பரிலை சுத்தின கத்தி! அந்தப் பேப்பர் கசங்கிற சத்தம் எங்கை போச்சு? அமைதியான ஒழுங்கையிலை பேப்பர் பிரியிற சத்தம் கேட்டால் எனக்கே குலை நடுங்கும். அதை எடுத்தெறிஞ்சுபோட்டு இணையத்திலை இறக்கின ஷ்ரிங்கை ஒட்ட வேணுமாம்.

கொழும்புத்துறையான் (9.03)
முதல்லை கேங்ஸ்டர் படமெண்டால் என்னெண்டு ஒரு வரியிலை ஆராவது சொல்லுங்கோ. நாலு பெடியள் மோட்டச்சைக்கிளிலை போய் ஒரு வீட்டுக் கேற்றைக் கொத்தினால் அது கேங்ஸ்டர் படமோ? தொழில் ஒண்டு, வரும்படி ஒண்டு, தலைவனிலையிருந்து கீழை வரை ஒரு ஒழுங்கு எண்டெல்லாம் இருக்க வேண்டாமோ?

ரீல்ராசன் (9.10)
கறள் அண்ணைக்கு வரலாறு தெரியாது போலை. இந்த வகைப் படம் நிமிர்ந்ததே பேசும்படம் வந்த பிறகுதான். ரயர் கிறீச்சிடுறது, தொம்சன் துவக்கின்ரை சடசடப்பு, சைரன், எல்லாம் காதாலை வந்த பயம். 1931இலை வந்த 'தி பப்ளிக் எனிமி'யிலை கதாநாயகன் கேக்னி கொட்டுற மழையிலை எதிராளியளின்ரை இடத்துக்குள்ளை போறார், கமரா வெளியிலை நிக்குது, வெடிச்சத்தமும் அலறலும் மட்டும்தான் எங்களுக்கு. 1932 'ஸ்கார்ஃபேஸ்'இலை கொலைக்கு முதல் ஒரு இத்தாலிய ஓப்பரா மெட்டை விசிலடிச்சுக்கொண்டு நிழல் வரும். விசில் கேட்டால் சாவு. அதே வேலையைத்தான் இங்கை ஷ்ரிங் செய்யுது.

கறள்கத்தி (9.16)
விசில் வாயாலை வருது. கத்திக்கு வாய் இல்லை.

நீங்கள் சொன்ன எல்லாத்துக்கும் படத்துக்குள்ளை ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். ரயருக்கு றோட்டு, துவக்குக்கு மருந்து, விசிலுக்கு ஆள். ஷ்ரிங்குக்கு ஆர்? எடிற்றரின்ரை ஹார்ட்டிஸ்க்.

வாணி_வடமராட்சி (9.29)
ரெண்டு பேரும் கத்திறதை விட்டிட்டு அந்தச் சத்தத்தை எப்பிடி எடுக்கிறதெண்டு கேளுங்கோ. கத்தியை முனையிலையிருந்து நீளத்திலை கிட்டத்தட்ட 22 வீதத்திலை நூல் கட்டித் தொங்கவிட வேணும். 60 சென்ரிமீற்றர் கத்தியெண்டால் 13 சென்ரிமீற்றரிலை. நீட்டு இரும்புச் சட்டம் ஒண்டு அதிரேக்கை அந்த இடம் அசையாது, நூல் அதிர்வைத் தின்னாது. அகலம் கூடக்குறைய இருக்கிற கத்தியெண்டால் இடம் கொஞ்சம் தள்ளும், தட்டிப் பாத்துக் கட்டுங்கோ. பிறகு சின்ன இரும்புக் கம்பியாலை விளிம்பிலை மெதுவா இழுக்கிறது. மைக்கை ஒரு அடி தள்ளி, நேரை வைக்காமல் சரிச்சு. ரெக்கோடரிலை உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு மேலை ஏற விடாதையுங்கோ, இரும்பின்ரை முதல் அடி மீற்றர் காட்டிறதுக்கு முதலே வெட்டுப்பட்டிரும். ரெக்கோடரின்ரை பதிவு வீதத்தை 96 கிலோஹேர்ட்ஸிலை விட்டு எடுத்தால் பாதி வேகத்துக்கு இறக்கலாம், ஒரு ஸ்தாயி கீழை வந்து கனமாக் கேக்கும்.

உண்மையான பிரச்சினை வேறை. அந்தச் சத்தம் குந்தியிருக்கிறது 2 தொடக்கம் 5 கிலோஹேர்ட்ஸுக்குள்ளை. மனுசக் காது கூர்மையா இருக்கிற இடமும் அதுதான், வசனத்தின்ரை ச, ட, த எல்லாம் பிரிஞ்சு விளங்கிறதும் அதுக்குள்ளைதான். உந்தப் படத்திலை வில்லன் "விடடா அவனை" எண்டேக்கை மேலாலை ஷ்ரிங்கைப் போட்டால் பாதி வசனம் கேக்காது. படத்திலை ஷ்ரிங் இருக்கலாம், ஆனால் வசனம் முடிஞ்சு ஆறேழு பிரேம் கழிச்சு.

ரீல்ராசன் (9.33)
பாத்தியளோ? கத்தி பாடுது. தங்கச்சியே விஞ்ஞானத்தோடை சொல்லியாச்சு.

கறள்கத்தி (9.35)
நூலிலை தொங்கிற கத்தி பாடுது. நாரியிலை செருகின கத்தி பாடாது. உங்கடை வில்லன் நூலிலை தொங்கவிட்டுக்கொண்டே சண்டைக்கு வாறான்?

வாணி_வடமராட்சி (9.37)
நான் உங்களுக்கு ஆதரவாச் சொல்லேல்லை ராசன் அண்ணா. கறள் அண்ணைக்கும் சொல்லேல்லை.

ஐம்பதுஹேர்ட்ஸ் (9.44)
சத்தத்தை விடுங்கோ. அந்தப் படத்திலை சந்தியிலை எடுத்த காட்சி முழுக்கப் பட்டை பட்டையா ஓடுது, அதை ஒருத்தரும் கதைக்கேல்லை. ஃபோனைச் செக்கனுக்கு 30 பிரேமிலை, ஷட்டர் செக்கனிலை 60இலை ஒண்டு எண்டு விட்டு எடுத்திருக்கினம். எங்கடை கரண்ட் 50 ஹேர்ட்ஸ், லைற் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். ஷட்டர் 50இலை ஒண்டு, இல்லாட்டி 100இலை ஒண்டு எண்டு பூட்டினால் ஒவ்வொரு பிரேமுக்குள்ளையும் முழுத்துடிப்பு விழும், பட்டை வராது. கதாநாயகன் நடந்து வாற ஸ்லோமோஷனை 120 பிரேமிலை எடுத்ததும் பிழை, 100 பிரேமிலை எடுத்திருக்க வேணும்.

ரீல்ராசன் (9.48)
அது வேணுமெண்டு விட்ட துடிப்பு. பதட்டம் காட்ட.

ஐம்பதுஹேர்ட்ஸ் (9.50)
😂 தேத்தண்ணிக்கடைக் காட்சியிலையும் பதட்டமோ? அங்கை வடைதானே சாப்பிடினம்.

ரீல்ராசன் (9.53)
போன போட்டியிலை உங்கடை படம் எடுபடாமல் போனதுக்கு இங்கை வந்து வாந்தி எடுக்காதையுங்கோ.

கறள்கத்தி (10.05)
வெளிச்சம் எண்டு வந்தபடியாலை சொல்லிறன். இப்ப எல்லாரும் தலைக்கு மேலை ஒரு எல்ஈடியைத் தொங்கவிட்டிட்டு "காட்ஃபாதர் லைற்றிங்" எண்டினம். 1972இலை வந்த அந்த 'காட்ஃபாதர்' படத்திலை கமராக்காரர் கோர்டன் வில்லிஸ் மேலையிருந்து வெளிச்சம் போட்டதுக்கு முதல் காரணம் வயசான தலைவனா நடிச்ச பிராண்டோவின்ரை முக ஒப்பனை. அந்தத் தாடை, கன்னம் எல்லாத்துக்கும் மேல்வெளிச்சம்தான் ஒத்துவந்தது. கண் இருட்டினது அதோடை கூட வந்தது, மனுசன் அதைத் துணிஞ்சு அப்பிடியே விட்டார். இங்கை 22 வயசுப் பெடியனுக்கு அதே வெளிச்சத்தைப் போட்டால் மூக்கு நிழல் சொண்டிலை விழும், நித்திரை முழிச்ச முகமாத்தான் தெரியும்.

போடத்தான் வேணுமெண்டால், வெள்ளைத் துணியை ரெண்டு யார் அகலத்துக்கு இழுத்துக் கட்டி, அதுக்கு மேலாலை லைற்றை விட்டு வெளிச்சத்தை மெதுப்படுத்துங்கோ. துணியின்ரை நாலு பக்கமும் கறுப்புச் சீலை ஒரு முழம் தொங்க வேணும், இல்லாட்டிச் சுவரெல்லாம் வெளிச்சம் பரவி சலூன் மாதிரி இருக்கும். மேசையிலை வெள்ளை விரிப்புப் போட்டால் அதிலை பட்டுத் தெறிக்கிறது கண்ணுக்குள்ளை ஒரு பொட்டு வெளிச்சம் தரும். முகத்தை ஒண்டரை ஸ்ரொப் (ஒரு ஸ்ரொப் எண்டால் வெளிச்சம் பாதி) குறைச்சு எடுக்கிறது, மூண்டு குறைச்சால் ஃபோனிலை படம் புள்ளி புள்ளியாப் புழுதி பறக்கும். யூடியூப் கறுப்பைப் பெட்டி பெட்டியா உடைக்கும், அதுக்குப் படத்துக்கு மேலை மெல்லிசா மணல் மாதிரிப் புள்ளி போட்டு, 4கே அளவிலை ஏத்துங்கோ.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியிற காரணத்தோடை செய்யிற வேலை. ஷ்ரிங்குக்கு அப்பிடி ஒரு காரணம் சொல்லுங்கோ பாப்பம்.

கொழும்புத்துறையான் (10.11)
அந்த மேல்வெளிச்சம் 87இலேயே 'நாயகன்'இலை வந்திட்டுது. கமரா பிடிச்ச பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருதும் கிடைச்சது. தமிழன் செய்ததைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது, ஒரே ஹொலிவூட்.

கறள்கத்தி (10.13)
பதினைஞ்சு வருசம் பிந்தி வந்ததை "இலேயே" எண்டுறியள்.

கொழும்புத்துறையான் (10.14)
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரேல்லை எண்டதையும் சொல்லி வைக்கிறன்.

ரீல்ராசன் (10.18)
நல்லாக் கேளுங்கோ. அதே படத்துக்கு தாராவிச் சேரியைச் சென்னையிலை செற் போட்டவர் தோட்டா தரணி. அதுக்கும் தேசிய விருது. ஊரையே பொய்யாக் கட்டினால் கலை, நான் ஒரு சத்தத்தைப் பொய்யாப் போட்டால் குற்றமோ?

கறள்கத்தி (10.22)
செற்றிலை தகரம் தகரம் மாதிரித்தான் இருந்தது. தகரத்திலை மழை பெய்தால் வீணைச் சத்தம் கேட்டதோ? நாரியிலை செருகின கத்தி. சேட்டு. துணி. எத்தினை தரம் சொல்லுறது?

வாணி_வடமராட்சி (10.31)
கறள் அண்ணை, உங்களுக்கு ஒரு உதாரணம். 'காட்ஃபாதர்' சாப்பாட்டுக்கடைக் காட்சி. தலைவனின்ரை மகன் மைக்கேல் சுடுறதுக்கு முதல் மேம்பால ரயில் கிறீச்சிட்டுக்கொண்டு காதைப் பிளக்கும், ஒலிக்காரர் வால்ட்டர் மேர்ச் செய்த வேலை. ரயில் ஒரு ஷொட்டிலையும் தெரியாது. ரயில் யன்னலுக்கு வெளியாலை ஓடேல்லை, அவன்ரை மண்டைக்குள்ளை ஓடுது. துவக்கைக் கீழை போட்டிட்டு வெளிக்கிடும் வரைக்கும் பின்னணி இசையும் இல்லை. நேரை பாத்தால் அந்தச் சத்தத்துக்கும் காட்சியிலை சொந்தக்காரன் இல்லைத்தானே?

ரீல்ராசன் (10.32)
👏👏 எடுங்கோ பதில்.

கறள்கத்தி (10.36)
அந்தப் பக்கம் ரயில் ஓடிற ஊர் தங்கச்சி. ரயில் வரலாம். சத்தம் கூடினது பொய், ரயில் பொய் இல்லை. எங்கடை நகரத்திலை ஒரு அறைக்குள்ளை ஆள் யோசிச்சுக்கொண்டிருக்கேக்கை ஜெனரேற்றர் சத்தத்தைக் கூட்டுங்கோ, தண்ணிப் பம்பைக் கூட்டுங்கோ, கோயில் லவுட்ஸ்பீக்கரை ஒழுங்கைக்கு அங்காலை வைச்சுக் கூட்டுங்கோ, கையெடுத்துக் கும்பிடுறன். பாடாத சாமானைப் பாட வைக்காதையுங்கோ.

உந்த ஆக்களே போன படத்திலை சைலன்சருக்கு 'புயூக்' எண்டு எலி கத்தின மாதிரி ஒண்டு போட்டவை. 9 மில்லிமீற்றர் கைத்துவக்கு 160 டெசிபல் அளவிலை வெடிக்கும். சைலன்சர் நல்லதெண்டால் 30 குறைக்கும். மிச்சம் 130. பக்கத்து அறையிலை நித்திரை கொள்ளுற ஆள் எழும்புவான். வேறை ஊரிலை எடுபட்டாலும் இந்த ஊர்ச் சனத்துக்கு வெடிச்சத்தம் படிப்பிக்க வெளிக்கிடாதையுங்கோ. அம்மம்மாவே காது குடுத்திட்டு என்ன துவக்கெண்டு சொல்லுவா.

வாணி_வடமராட்சி (10.41)
அதுக்குள்ளை ஒண்டு சேர்க்கலாம். வெடிக்கு மூண்டு துண்டு வேணும்: முதல் வெடிப்பு, கீழை ஒரு 'தும்', பிறகு எதிரொலிச்சு அடங்கிற வால். ரெண்டு பக்கமும் மதில் உள்ள ஒழுங்கையிலை வால் குறுகி, அடுக்கடுக்காத் திரும்பும். கடலுக்கு நடுவாலை போற பண்ணைப் பாலத்திலை எண்டால் திருப்பி அடிக்கச் சுவர் இல்லை, வரண்டு போகும். எல்லாத்துக்கும் ஒரே வாலை ஒட்டினால் காது உடனை பிடிச்சிரும். அந்தத் 'தும்' ஃபோன் ஸ்பீக்கரிலை கேக்கவே கேக்காது, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழை அதிலை ஒண்டும் பெரிசா வராது. 400, 500 பக்கம் ஒரு கதவு அடிக்கிற சத்தம் கலந்துவிடுங்கோ. கொத்து விழுறதுக்கு வாழைக்குத்தி, எலும்புக்கு முருங்கைக்காய், ஈரத்துக்கு நனைச்ச துவாய்.

ரீல்ராசன் (10.45)
வாழைக்குத்தியை வெட்டி ஆளை வெட்டின சத்தம் எடுக்கலாம், அண்ணைக்கு அது சரி. ஷ்ரிங் மட்டும் பொய். நல்ல நியாயம்.

கறள்கத்தி (10.47)
வாழைக்குத்தி இறைச்சி மாதிரிக் கேக்குது. ஷ்ரிங் எதைப் போலை கேக்குது? ஒண்டையும் போலை இல்லை. ஷ்ரிங்கைப் போலைதான் ஷ்ரிங் கேக்குது.

ஐம்பதுஹேர்ட்ஸ் (10.50)
வில்லன் ஏன் சென்னைத் தமிழ் கதைக்கிறான் எண்டும் ஒருக்காக் கேளுங்கோ. ஆள் நிக்கிறது யாழ்ப்பாணத்துக் கே.கே.எஸ். வீதியிலை, வாயிலை வாறது சென்னை வியாசர்பாடி.

ரீல்ராசன் (10.52)
உங்கடை படத்திலை தாதா "சொல்லுங்கோ தம்பி, என்ன வேணும்" எண்டு கேட்டவர். தாதாவோ சங்கக்கடை மனேச்சரோ எண்டு சனம் சிரிச்சது மறந்து போச்சோ?

கறள்கத்தி (10.55)
அதிலை ஐம்பது சரி. மரியாதையாக் கதைச்சுக்கொண்டு கழுத்திலை கத்தியை வைக்கிறவன்தான் இங்கை பயங்கரம். "டேய்" எண்டு கத்திறவனுக்கு ஆரும் பயப்பிடாயினம். ஆனால் ஐம்பது அதை எடுத்த விதம் பிழை, மைக் ஆளின்ரை நெஞ்சிலையிருந்து ஆறடி தள்ளி நிண்டிருக்கு. தணிஞ்ச குரலெண்டால் மைக் ஒரு சாணுக்குள்ளை வர வேணும்.

ஐம்பதுஹேர்ட்ஸ் (10.57)
அந்த மைக்கை இரவல் வாங்கினவர் இன்னும் திருப்பித் தரேல்லை எண்டபடியாலைதான் ஆறடி. பேர் சொல்ல விருப்பமில்லை, இந்தத் திரியிலைதான் இருக்கிறார்.

மட்டுறுத்துநர் (11.02)
மைக் விசயத்தைத் தனிமடலிலை கதையுங்கோ. தலைப்புக்கு வாங்கோ, இல்லாட்டித் திரியைப் பூட்டுவன்.

ரீல்ராசன் (11.04)
எந்த மைக்? வயர் அறுந்து, ஒரு பக்கம் மட்டும் கேக்கிற அந்தச் சாமானோ? அதைத் திருத்தக் குடுத்த காசை முதல்லை ஆர் தாறது?

ஐம்பதுஹேர்ட்ஸ் (11.05)
தந்தேக்கை ரெண்டு பக்கமும் கேட்டது.

கறள்கத்தி (11.09)
இப்ப விளங்குது அந்தப் படத்திலை வில்லன் ஏன் இடப்பக்கம் மட்டும் கதைக்கிறான் எண்டு. நாளைக்கு அந்த ஷொட்டைச் செக்கன் செக்கனாப் பிரிச்சுப் போடுறன், ஒருத்தரும் அழிக்காதையுங்கோ.