ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு, சாப்பாடு: யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்சு 8 மாசம் ஆச்சு. 118 கிலோவிலிருந்து 87-க்கு வந்திருக்கேன். குறட்டை குறைஞ்சுடுச்சு. மறுபடி தூக்க டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு, தூக்கத்துல மூச்சு தடைபடாம இருக்கப் போட்டுக்கிட்டிருந்த சீபேப் மாஸ்க் இனி வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். அதுல பெரிய நிம்மதி.

ஆனா 2 மாசமா நடுராத்திரி முழிப்பு வருது. எதையாவது வாயில போட்டாத்தான் திரும்பத் தூக்கம். நேத்து சத்தம் கேட்கக் கூடாதுன்னு டப்பா மூடியை முந்தானையால பொத்தித் திறந்து, இருட்டுல நின்னு நாலு முறுக்கு தின்னேன். பக்கத்து ரூம்ல அத்தை தூங்கிட்டிருந்தாங்க. காலையில துளியும் பசி இல்லை. மனசு பாரமா இருக்கு, திடீர்னு அழுகை வருது.

இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல எடுத்துட்டா, பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் குறையும்னு சொன்னாங்க. பகல்ல அது உண்மைதான். அப்போ ராத்திரி வர்றது பசிதானா? காலையில பசியின்மை, தூக்கமின்மை, இரவுச் சாப்பாடு மூணும் சேர்ந்து வர்றதை 1955-லயே ஸ்டங்கார்டுனு ஒரு டாக்டர் விவரிச்சிருக்கார். படிச்சப்போ என்னைப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு.

ரிவ்யூவுக்குப் போனா எடையும் பி12 வைட்டமினும்தான் பார்க்கிறாங்க. தூக்கத்தைப் பத்தி யாரும் கேட்கல, எனக்கும் சொல்ல வாய் வரல.

இதைக் கடந்து வந்தவங்க சொல்லுங்க: மனநல டாக்டரைப் பார்த்தீங்களா? ராத்திரி சாப்பாட்டு நேரத்தை மாத்தினது உதவுச்சா? வீட்டுல எப்படிச் சொன்னீங்க? எடை திரும்ப ஏறிடும்னு மட்டும் பயமுறுத்தாதீங்க, அந்தப் பயத்தோடதான் தினமும் படுக்குறேன்.