இடைக்கால ஐரோப்பாவில் தசமபாகம்: யார் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள்?

ஊத்தங்கரை வாசகர்:
கிருஷ்ணகிரியில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு வரலாறு படிக்கிறவர்களுக்காகக் கேட்கிறேன். கையேடுகளில் "குடியானவன் விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குக் கொடுத்தான்" என்று ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். நடைமுறை எப்படி? விதையைக் கழித்துவிட்டுப் பத்தில் ஒன்றா, மொத்தத்தில் பத்தில் ஒன்றா? ஏழு ஆட்டுக்குட்டி மட்டும் வைத்திருப்பவன் என்ன கொடுப்பான்? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் ரோமுக்கா போனது?

களத்துமேடு:
மொத்தத்தில்தாங்க. விதை, கூலி எதுவும் கழிக்கக் கூடாது. இதை விட்டுவிட்டால் சுமையே புரியாது. ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் நாலு மூட்டை கண்டாலே அன்றைக்குப் பரவாயில்லாத விளைச்சல். நாலில் தசமபாகம் 0.4 மூட்டை. அடுத்த வருஷ விதைக்கு ஒன்றை எடுத்து வைத்தால் மிச்சம் மூன்று. அந்த மூன்றில் 0.4 என்றால் உண்மையான பாரம் 13 சதவீதத்துக்கு மேல். விளைச்சல் குறையக் குறைய இந்த விகிதம் ஏறும். பஞ்ச காலத்தில் குடியானவன் நொடிந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம். வியாபாரி, கைத்தொழிலாளிக்கு மட்டும் செலவு போக நின்ற லாபத்தில் கணக்கு.

நம்ம பக்கம் வாரம் பிரிப்பது களத்தில், அடித்துத் தூற்றிய பிறகு. இங்கிலாந்தில் தானியத் தசமபாகம் அறுத்த வயலிலேயே, கட்டுக் கணக்கில். பத்தாவது கட்டைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். ஏற்றிக்கொண்டு போவது தசமபாகம் பெறுபவர் பொறுப்பு. அடித்த பிறகு அளந்தால் மறைக்கலாம், வயலில் நிற்கிற கட்டை மறைக்க முடியாது.

குட்டிக் கணக்குக்கு 13-ஆம் நூற்றாண்டு, 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து இங்கிலாந்துத் திருச்சபை விதிகளில் துல்லியமான பதில் இருக்கிறது. ஆறு குட்டி வரைக்கும் குட்டிக்கு அரை பென்னி காசு. ஏழு இருந்தால் ஏழாவது குட்டியே கோயிலுக்கு, அதாவது ஊர்த் தேவாலயத்துக்குப் போகும்; பத்துக்கு மூன்று குறைவதால் பெறுபவர் மூன்று அரை பென்னி திருப்பித் தர வேண்டும். எட்டு என்றால் ஒரு பென்னி, ஒன்பது என்றால் அரை பென்னி. அப்படி வேண்டாமென்றால் பெறுபவர் அடுத்த வருஷம் பத்து நிறையும் வரை காத்திருக்கலாம். பாலுக்கு, பாலாடைக்கட்டி செய்கிற பருவத்தில் கட்டியாக, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பாலாகவே. மந்தை கோடையில் ஒரு கோயிலின் எல்லையிலும் குளிர்காலத்தில் வேறு கோயிலின் எல்லையிலும் மேய்ந்தால், ஆட்டு ரோமத்தின் தசமபாகத்தை அந்தந்தக் கால அளவுப்படி இரண்டு கோயிலும் பிரித்துக்கொள்ளும். இத்தனை நுணுக்கமாக எழுத வேண்டி வந்ததே சண்டை ஓயாததால்தான்.

கொடுக்காவிட்டால் சபை நீக்கம், அதாவது திருச்சபையிலிருந்து விலக்கிவைப்பது, பொதுவான தண்டனை. அதைவிடக் கடுமையானது இங்கிலாந்து மன்னன் எட்கரின் (ஆட்சி 959–975) சட்டம். மன்னனின் அதிகாரி, ஆயரின் (பிஷப்பின்) அதிகாரி, அந்தக் கோயிலின் குரு மூவரும் வந்து பத்தாவது பாகத்தை வலுவில் எடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஒன்பதாவது பாகம் உடையவனுக்கு. மீதி எட்டில் பாதி நிலப்பிரபுவுக்கு, பாதி ஆயருக்கு. அதாவது பத்தில் ஒன்றை மறுத்தவன் கையில் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அரசும் திருச்சபையும் ஒன்றுக்கொன்று எப்படித் தாங்கி நின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

தென்பெண்ணைக்கரை:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் எடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதுதான் அதிகாரத்தின் கதை. தேர்வில் அதை எழுதுங்க சார்.

779-இல் ஹெர்ஸ்டால் ஆணையில் பிராங்கு மன்னர் சார்லமேன் தசமபாகத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கி, பங்கீட்டை ஆயரின் உத்தரவுக்கு விட்டார். வென்ற சாக்சன் மக்கள் மேலும் சுமத்தினார். 796-இல் ஆவார் (Avar) என்ற இன்னொரு இன மக்கள் விஷயத்தில் அறிஞர் ஆல்குயின் அவருக்கே கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தார்: விசுவாசத்திலேயே பிறந்து வளர்ந்த நாமே முழு மனதோடு கொடுப்பதில்லை, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் கேட்கலாமா என்று. அரசவையிலிருந்தே எழுந்த அந்தக் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆயர், குருக்கள், ஏழைகள், கோயில் பராமரிப்பு என நான்காகப் பிரிப்பது ரோமின் பழைய வழக்கம். ஊரில் நடந்தது வேறு. கோயிலைக் கட்டியவன் நிலப்பிரபு; குருவை நியமித்தவனும் அவனே. அதனால் தசமபாக உரிமை அவன் குடும்பச் சொத்து போலக் கைமாறியது. 1179-இல் மூன்றாம் லாத்தரன் சங்கம் (ரோமில் கூடிய திருச்சபைப் பேரவை) பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாதவர்கள், அதை இன்னொரு பொதுநிலையினருக்கு மாற்றக் கூடாது என்று தடுத்தது. பிரபுக்களில் பலர் உரிமையை விட்டுக் கொடுத்தபோது அது ஊர்க் கோயிலுக்குத் திரும்பாமல் மடங்களுக்குப் போனது. மடம் தானியம், காய்ந்த தீவனப்புல் போன்ற பெரிய தசமபாகத்தை வைத்துக்கொண்டு, தனக்குப் பதிலாக ஊரில் பூசை செய்யும் குருவுக்குப் பெரும்பாலும் முட்டை, கோழி, பழம், குட்டி போன்ற சிறிய தசமபாகத்தை விட்டது. வீடு வீடாகப் போய் வாங்க வேண்டியது, வருமானம் குறைவு, மனக்கசப்பு அதிகம். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இந்தக் குருக்களுக்குப் போதுமான பாகம் ஒதுக்கச் சொல்ல வேண்டி வந்தது. மற்ற வரிகளுக்கு முன்னால் தசமபாகத்தைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சங்கத்தின் முடிவுதான்.

சிஸ்டர்சியன் துறவிகள் தங்கள் கையாலேயே உழுத நிலத்துக்கு 1132 முதல் தசமபாகத்திலிருந்து விலக்குப் பெற்றார்கள். அவர்கள் நிலம் வாங்க வாங்க ஊர்க் கோயிலின் வரும்படி குறைந்தது. இனிப் புதிதாக வாங்கும் நிலத்துக்கு, முன்பு பெற்றுவந்த கோயிலுக்கே கொடுக்க வேண்டும் என்று 1215-இல் அதே சங்கம் விதித்தது.

ஊத்தங்கரை வாசகர்:
நன்றிங்க. அப்போ சலாதீன் தசமபாகம்? இங்கிலாந்தின் பெரிய மரக் களஞ்சியங்களை "தசமபாகக் களஞ்சியம்" என்கிறார்களே, அதுவும் சரியா?

தென்பெண்ணைக்கரை:
ஊர்த் தசமபாகத்தையும் சலாதீன் தசமபாகத்தையும் குழப்பிக்கொள்ளாதீங்க. ஊர்த் தசமபாகம் வருஷா வருஷம், விளைச்சலில், உள்ளூர்க் கோயிலுக்கு. சலாதீன் தசமபாகம் 1187-இல் எருசலேம் சுல்தான் சலாதீன் கையில் விழுந்த பிறகு, 1188-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி சிலுவைப் போருக்காக ஒரு தடவை போட்டது. வருமானத்திலும் அசையும் சொத்திலும் பத்தில் ஒன்று. சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்களுக்கு விலக்கு. 1291-இல் போப் நான்காம் நிக்கோலஸ் காலத்து மதிப்பீடு மூன்றாவது வகை: குருக்களின் வருமானத்தையே மதிப்பிட்டு அதில் பத்தில் ஒன்று, இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டுக்கு.

களத்துமேடு:
களஞ்சியத்தில் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் சுமார் 46 மீட்டர் நீளம். அது பியூலி மடம் தன் சொந்தப் பண்ணை விளைச்சலை வைக்கக் கட்டியது. கட்டடத்தின் அளவைப் பார்க்காமல், அந்த ஊரில் நிலம் யாருடையது, தசமபாக உரிமை யாருடையது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உள்ளே இருந்தது வாரமா, தசமபாகமா, சொந்த விளைச்சலா என்று சொல்ல முடியும்.