ஐ.சி.யூ. வேலையை விட்டுவிட்டு நார்செட் படிக்கலாமா? தில்லி சிஸ்டர்கள் சொல்லுங்கள்

ஐசியூ_தங்கை:
ஊரில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்துவிட்டு தில்லிக்கு வந்தேன். தனியார் மருத்துவமனை, 300 படுக்கை, ஐ.சி.யூ. வயது 27. கூடத் தங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டு நார்செட் (எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான தேர்வு) கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர், "போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படி, ஐ.சி.யூ.வை விடாதே" என்கிறார். அது ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு. வீட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்பியாக வேண்டும். எந்தப் பக்கம் போகட்டும்?

மயூர்விஹார்_அக்கா:
பரீட்சை எழுதும்மா, யோசிக்கவே வேண்டாம். நான் இங்கே அரசு மருத்துவமனையில் நர்சிங் ஆபீசர். நுழையும்போதே அரசு சம்பள வரிசையில் லெவல் 7, அடிப்படைச் சம்பளம் 44,900. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். 2020-ல் எய்ம்ஸ் இந்தப் பொதுத் தேர்வைக் கொண்டுவந்த பிறகு ஊர் ஊராக விண்ணப்பம் போட்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் பொதுப் பிரிவுக்கு 30 வயதோடு கதவு மூடிவிடும், ஓ.பி.சி.க்கு 33. போஸ்ட் பேசிக்கை வேலையில் சேர்ந்த பிறகும் படிக்கலாம். வயசு திரும்பி வராது.

நைட்_இன்சார்ஜ்:
அக்கா சொல்வதில் பாதிதான் சரி. பரீட்சை எழுதட்டும், வேலையை ஏன் விட வேண்டும்? முதல் கட்டத்தில் 100 கேள்வி, அதைப் புத்தகத்தை வைத்துத் தாண்டிவிடலாம். மெயின்ஸ் 160 கேள்வியும் நோயாளியின் நிலையைச் சொல்லி, அடுத்து என்ன செய்வாய் என்று கேட்பவை. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். அங்கே கைகொடுப்பது வார்டு அனுபவம்தான்.

என் யூனிட்டில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, பி.பி.யைத் தூக்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்தின் சிரிஞ்சை மாற்றுவது. தீரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அடுத்த சிரிஞ்சை இரண்டாவது பம்பில் போட்டு ஓடவிட்டு, மானிட்டரில் பி.பி. நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் பி.பி. சரிந்துவிடும். கோச்சிங் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இந்தக் கை மறந்துபோகும்.

மயூர்விஹார்_அக்கா:
எங்கள் ஐ.சி.யூ.விலும் அதே பம்ப், அதே மருந்துதான் தம்பி. திறமையைத் தனியாருக்கு மட்டும் யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. அந்தத் திறமைக்கு உங்கள் இடத்தில் என்ன கூலி தருகிறார்கள், அதைச் சொல்லுங்கள்.

2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு என்ன பரிந்துரைத்தது? 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸ் வாங்கும் சம்பளம். 50-க்குக் குறைந்த சின்ன மருத்துவமனையிலும் 20,000-க்குக் குறையக் கூடாது. 2018-ல் தில்லி அரசு இதை உத்தரவாகவே போட்டது, மறு வருஷம் உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. இந்தத் தங்கை வேலை பார்ப்பது 300 படுக்கை. அந்தச் சம்பளம் கைக்கு வருகிறதா?

ஐசியூ_தங்கை:
பாதிகூட வரவில்லை அக்கா.

நைட்_இன்சார்ஜ்:
அது அநியாயம், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. என் ஆதங்கம் வேறு. அரசில் உயர்வு என்றால் என்ன? சீனியர் நர்சிங் ஆபீசர், அப்புறம் ஏ.என்.எஸ். (உதவி நர்சிங் கண்காணிப்பாளர்). அங்கிருந்து டியூட்டி ரோஸ்டர், இண்டென்ட், ஸ்டாக் ரெஜிஸ்டர். கை தேர்ந்த நர்ஸ் நோயாளியை விட்டு விலகினால்தான் மேலே போக முடிகிறது. தனியாரிலும் இதே கதைதான். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு ஒன்றுதான் இதற்கு மாற்று. இரண்டு வருஷம், கிரிட்டிகல் கேர், வார்டிலேயே இருந்து படிக்கிற முறை. அதற்கு பி.எஸ்சி. வேண்டும், வார்டு அனுபவமும் வேண்டும், அது ஐ.சி.யூ.வாக இருந்தால் நல்லது. அதனால்தான் ஜி.என்.எம். முடித்தவர்களைப் போஸ்ட் பேசிக் படி என்று நச்சரிக்கிறேன்.

மயூர்விஹார்_அக்கா:
நல்ல படிப்புதான். படித்து முடித்தவளுக்கு அந்தப் பெயரில் பதவி எங்கே இருக்கிறது? பட்டத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஸ்டாஃப் நர்ஸாகவே நிற்கப்போகிறாள். பதவியை முதலில் உருவாக்கச் சொல்லுங்கள், நானே நாலு பேரை அனுப்பிவைக்கிறேன்.

தென்காசி_பிரதர்:
எல்லாரும் நார்செட், நார்செட் என்கிறீர்கள். எய்ம்ஸில் 80 சதவீதம் இடம் பெண்களுக்கு. மீதி 20-க்கு எங்களைப் போன்ற ஆண்கள் முட்டிமோத வேண்டும். நர்சிங்குக்கு வருகிற ஆண்கள் குறைவு என்று சொல்லிச் சொல்லியே கதவைச் சின்னதாக்கிவிட்டார்கள். நான் வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் மொழி பி2 நிலை படித்துக்கொண்டிருக்கிறேன். தங்கைக்கும் அதையே சொல்வேன், அல்லது ஓ.இ.டி. என்கிற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு.

நைட்_இன்சார்ஜ்:
பிரதர், உங்கள் ஆத்திரம் நியாயம். ஆண் நோயாளிக்கு கதீட்டர் போட, படுக்கையில் புரட்டிப்போட ராத்திரியில் முதலில் தேடுவது உங்களைத்தான், வேலை கொடுக்கும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஓ.இ.டி.க்கும் செலவு உண்டு, வீட்டுக்குப் பணம் அனுப்புகிற பெண்ணிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஐசியூ_தங்கை:
வேலையை விடாமல் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். எச்.ஆரில் அனுபவச் சான்றிதழ் கேட்டேன். "ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறார்" என்று ஒரே வரியில் தருகிறார்கள். இது போதுமா?

மயூர்விஹார்_அக்கா:
போதாது. ஜி.என்.எம். என்றால் படிப்பு முடிந்த பிறகு, குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். படுக்கை எண்ணிக்கை, சேர்ந்த தேதி இரண்டும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும், மருத்துவமனை முத்திரையோடு. இப்போதே எழுதி வாங்கு. ராஜினாமா கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேள்.

நைட்_இன்சார்ஜ்:
யூனிட் பெயரையும் போடச் சொல், ஐ.சி.யூ. என்று. நார்செட்டுக்கு அவசியம் இல்லை, பின்னால் பிராக்டிஷனர் படிப்புக்கு உதவும்.