பாசி மேல நிக்கிற காம்பு பூவா?

செம்பூர் மாடி:
பால்கனியில ஒரு தொட்டி காசித்தும்பை வச்சிருக்கேன், இங்க மராத்திக்காரங்க தேர்டான்னு சொல்றது. பக்கத்துக் கைப்பிடிச் சுவர்ல ஜூன் மழைக்குப் பச்சை பிடிச்ச பாசி. இப்ப அதுலேர்ந்து தலைமுடி கனத்துல செம்பழுப்புக் காம்புகள் கிளம்பியிருக்கு; ஒவ்வொண்ணு நுனியிலயும் கடுகைவிடச் சின்னதா ஒரு தலை. பதினொண்ணாவது படிக்கிற மக, "இது பூவாம்மா?"ங்கறா. டியூஷன்ல "பாசி வளர்ச்சியில்லாத செடி"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்களாம். எனக்கு மனசு ஒப்பல. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

சயான் மாமி:
சுவத்துல இருக்கட்டும், அழகுதான். தரைக்கு மட்டும் வர விடாதே, வழுக்கும்.

மாட்டுங்கா வாத்தியார்:
பூ இல்லைம்மா, அது பாசியோட பிள்ளை. கீழே இருக்கிற பச்சைக்கு ஒரு தொகுதி குரோமோசோம்தான் (செல்லுக்குள்ள மரபுச் செய்தியைச் சுமக்கிற இழை). மழைத்தண்ணி அது மேல படிஞ்சு நிக்கும்போது ஆணணு நீந்திப் போய் முட்டையைச் சேரும். அப்படிப் பிறந்த காம்புக்கு இரண்டு தொகுதி. தாய் தலைமேலயே நின்னு, தண்ணியும் சத்தும் அவகிட்டயே வாங்கிக்கும். நுனித் தலைக்குள்ள இருக்கிறது ஸ்போர், அதாவது முளைச்சுப் புதுப் பாசியாகிற ஒத்தைச்செல் தூள்; விதை இல்லை.

காசித்தும்பையில இது தலைகீழ். வேர், தண்டு, இலை, பூ எல்லாமே இரண்டு தொகுதி. ஒரு தொகுதித் தலைமுறை மகரந்தத்துலயும் சூலுக்குள்ளயும் சில செல்லா ஒடுங்கிக் கிடக்கு. மகரந்தக்குழாயே ஆணணுவைச் சூல்வரை கொண்டுபோறதால நீந்தத் தண்ணி வேண்டாம்.

"வளர்ச்சியில்லாத"ங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். வேர் கிடையாது, பிடிச்சுக்க வேரிகள்ங்கிற மெல்லிய இழைகள்தான். அதை வச்சுக்கிட்டே மே வெயில்ல காய்ஞ்சு கருத்து, மழைக்கு மறுபடி பச்சையாகுது. உங்க காசித்தும்பை அப்படிக் காய்ஞ்சா போச்சு, விதைதான் மிஞ்சும்.

மூடி கழன்ற தலை கிடைச்சா லென்ஸ்ல பாருங்க. ஃபியுனேரியா வகையில வாயைச் சுத்தி 16 பல், உள்வரிசையில இன்னும் 16. ஈரம் பட்டா அசையும்.

ஆர்.கே.புரம்:
வாத்தியார் சொன்னதோட ஒண்ணு. 1964-ல டெல்லிப் பல்கலைக்கழகத்துல சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவோட மகரந்தப்பையை ஆய்வகத்துல வளர்த்து, மகரந்தத்துலேர்ந்தே செடி கொண்டுவந்தாங்க. 24 குரோமோசோம் இருக்க வேண்டிய ஊமத்தைக்கு 12. பாசி மாதிரியே ஒரு தொகுதியோட ஒரு பூச்செடி! கல்லூரியில இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. மககிட்ட சொல்லுங்க.

செம்பூர் மாடி:
வாத்தியார் சார், ரொம்ப நன்றி. காலையில லென்ஸ்ல பார்த்தோம். மூடி கழன்ற தலை ஒண்ணு கிடைச்சது. மக மெதுவா மூச்சு ஊதினா, பல்லெல்லாம் அசைஞ்சது! 12 குரோமோசோம் ஊமத்தை பூக்குமான்னு கேட்டுக்கிட்டே காசித்தும்பைக் காயைத் தொட்டா. வெடிச்சு விதை பாசி மேலயே சிதறிடுச்சு. எடுக்கக் கூடாதுன்னுட்டா.