மேகக்கணி அலுவலகச் செயலிகளின் பாதுகாப்பு: ஆலோசனை வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு, கப்பலூர் கிடங்கு முதல் தேனி, திண்டுக்கல் கிளைகள் வரை சுமார் 2,000 பேர் பணிபுரியும் நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மின்னஞ்சல், கோப்புகள் அனைத்தும் மைக்ரோசாஃப்ட் 365-இல் உள்ளன.

சென்ற மாதம் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லோடு ஓடிபியையும் இட்டுவிட்டார். உள்ளே புகுந்தவர், 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் கடிதங்களையெல்லாம் யாரும் திறந்து பார்க்காத ஆர்எஸ்எஸ் கோப்புறைக்கு தானாக நகர்த்தும் அஞ்சல் விதியொன்றை, வெறும் புள்ளியைப் பெயராக இட்டு அமைத்திருந்தார். பணம் போகவில்லை, ஆனால் அந்தப் புள்ளி என் கண்ணில் பட இரண்டு நாளானது.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசி போன்ற கருவியில் சேமிக்கப்படும் டிஜிட்டல் திறவுகோலான பாஸ்கீ, உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலிப் பக்கத்தில் வேலை செய்யாது; அதுதான் சரியான தீர்வு என்று கருதுகிறேன். ஆயினும், கைப்பேசிக்கு அனுமதியில்லாத கிடங்கில் ஐந்து பேர் ஒரே கணினியைப் பகிரும்போது, ஆளுக்கொரு பாதுகாப்புச் சாவி (பாஸ்கீயைத் தாங்கும், யுஎஸ்பி போன்ற சிறு கருவி) கொடுப்பது நடைமுறையில் நிலைக்குமா? மேலும், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது; எங்கள் உரிமத்திலோ உள்நுழைவுப் பதிவுகள் 30 நாளே தங்குகின்றன. அவற்றைக் குறைந்த செலவில் வெளியே சேமித்துவரும் அன்பர்கள் தங்கள் முறையை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.