அட்டையில் பெயர்ப் பிழை, அம்மாவுக்குப் பார்வைக் குறைவு: வாக்குச்சாவடியில் சிக்கல் வருமா?

மொட்டைமாடி:
நாளை மறுநாள் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. இன்றுதான் வாக்காளர் அட்டையைத் தேடி எடுத்தேன். அப்பா பெயர் 'சண்முகம்' என்பது 'சண்முகன்' என்று அச்சாகியிருக்கிறது. முகவரியும் பழைய தொகுதியுடையது. குடிமாறியதும் பெயரை இங்கே மாற்றிப் பதிந்துவிட்டேன், புது அட்டைதான் கைக்கு வரவில்லை.

அதைவிடப் பெரிய கவலை அம்மா. வயது 78, கண்புரை முற்றிவிட்டது. சென்ற முறை, துணைக்கு யாரும் வரக்கூடாது என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எதை அழுத்தினேன் என்றே தெரியவில்லை என்று வீடு வரும்வரை புலம்பினார்.

வேப்பமரம்:
அட்டையை விடுங்கள், ரேஷன் அட்டையைக் காட்டினால் போதும். பூத் சிலிப்பும் இருக்கிறதே.

சுண்ணக்கட்டி:
இரண்டுமே தவறு, வேப்பமரம். ரேஷன் அட்டை ஆணையத்தின் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பை மட்டும் அடையாளச் சான்றாக ஏற்பதை 2019இலேயே நிறுத்திவிட்டார்கள். அது பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் தேட உதவும், அவ்வளவுதான்.

மொட்டைமாடி, நான் ஐந்து தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்த ஆசிரியர். முதலில் புதிய தொகுதிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்திலும் பார்க்கலாம், 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெயர் இருந்தால் பழைய தொகுதி அட்டையே செல்லும், ஓர் எழுத்துப் பிழைக்காக யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. எதற்கும் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ அசலாக எடுத்துச் செல்லுங்கள்.

அம்மா விஷயத்தில் உங்களை நிறுத்தியது சரியல்ல. சின்னத்தைத் தானே அடையாளம் காண முடியாதவர் 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்ல தேர்தல் நடத்தை விதிகளில் 49என் (49N) இடம் தருகிறது. வாசலில் நிற்கும் காவலரிடம் வாதாடாதீர்கள், தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். முடிவு அவருடையது. ரகசியம் காப்பேன் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்பார். அன்று ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் துணையாக முடியும், பக்கத்து வீட்டுப் பாட்டியையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்!

இன்னொன்று. முதியவர்கள் பலர் சின்னத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று நிற்பார்கள். அழுத்த வேண்டியது எதிரே உள்ள நீலப் பொத்தானை. சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நீங்கள் வாக்களித்த சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும், நீளமாக ஒரு 'பீப்' கேட்கும். அதன்பின் வெளியே வந்தால் போதும்.

பின்வரிசை:
உங்கள் ஓட்டைப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டால்? எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. கோபத்தில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னமும் ஆறவில்லை.

சுண்ணக்கட்டி:
வந்திருக்கக் கூடாது. நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்தால், 49பி (49P) விதிப்படி காகித வாக்குச்சீட்டு தருவார்கள். அதற்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். இயந்திரத்தில் சேராது, தனி உறையில் போகும். வழக்கமான எண்ணிக்கையிலும் வராது. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மொட்டைமாடி:
பட்டியலில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பாகம் எண், வரிசை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டேன். காலையில் வெயில் ஏறும் முன்பே கிளம்புகிறோம். கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.

மொட்டைமாடி (வாக்குப்பதிவு நாள்):
போட்டுவிட்டோம். தலைமை அலுவலர் மறுபேச்சில்லாமல் உறுதிமொழித் தாளை நீட்டினார். நான் பெயர்களைத் தணிந்த குரலில் படிக்க, அம்மா என் கையைத் தள்ளிவிட்டுப் பொத்தானைத் தடவித் தானே அழுத்தினார். சத்தம் கேட்ட பிறகும் நகரவில்லை. "இதுதானே அந்தச் சத்தம்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.